கறுப்பு அதிகமுள்ள புத்தகங்கள்

ஆம்ப்ரோஸ் தன்னைக் கோர்ட்டில் ஏற்றியிருந்தால்கூடத் தங்கராஜு மன்னித்திருப்பான். நடுத்தெருவில் சட்டையைப் பிடித்து இரண்டு அறை விட்டிருந்தால், வாங்கிக்கொண்டு கோப்பிக்கடையில் போய் உட்கார்ந்திருப்பான். அதையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு விளையாட்டுக்குள் வைத்து, இரண்டு பேர் பார்க்க, அவன் வாயாலேயே அவன் வண்டவாளத்தை வாசிக்க வைத்தாரே, அதைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை. ஐந்து வருஷம் அது தொண்டையிலேயே நின்றது. இதில் இன்னும் எரிச்சல், அந்த விளையாட்டுக்கு வேண்டிய புத்தகத்தையெல்லாம் தேடிப் பிடித்துச் சுமந்துவந்து கொடுத்தவனே அவன்தான்.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

ஆம்ப்ரோஸ் செம்பவாங் கப்பற்படைத் தளத்துக் குவார்ட்டர்ஸில் பிறந்தவர். அப்பா மரியஅந்தோணி வெள்ளைக்காரன் கப்பல்துறையில் பெயின்ட் அடித்தார். வெள்ளைக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போனபோது வேலை போயிற்று, கொஞ்ச நாளில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். மகன் அதே கரையோரம் ஒரு கான்ட்ராக்டர் நடத்திய சின்னக் கப்பல் பட்டறையில் ஸ்டோர் ஆளாய்ச் சேர்ந்தார். அந்தப் பட்டறை இப்போது இல்லை. பெயர் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. நெட்டையான ஆள். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில். கல்யாணம் கட்டவில்லை, தங்கச்சி பிரிஜட்டோடு இருந்தார். கதை சொல்ல உட்கார்ந்தால் எதிரே இருக்கிறவனுக்கு டீ ஆறுவது தெரியாது. பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் போடுகிற பாடுகளின் நாடகத்தில் எட்டு வருஷம் அவர்தான், குற்றமில்லாதவரைச் சாகக் கொடுத்துவிட்டு எனக்குப் பொறுப்பில்லை என்கிற அதிகாரி பிலாத்து. தண்ணீர் ஊற்றிக் கை கழுவுகிற இடத்தில் கூட்டம் மூச்சுவிடாது. அப்புறம் ஒரு வருஷம் திடீரென்று மாட்டேன் என்றுவிட்டார். தொண்டை சரியில்லையாம். அது 1977.

அதற்கு முந்தின வருஷம்தான் அதே பட்டறையில் வேலை பார்த்த செல்லக்கண்ணு செத்தான்.

கப்பல் டேங்குக்குள் ஆள் இறங்குமுன் உள்ளே இருப்பது நல்ல காற்றா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பார்த்தபின் பெர்மிட் தாளில் கையெழுத்து விழ வேண்டும். சட்டம் அது. அந்தப் பட்டறையின் வழக்கம் வேறு. மீட்டர் ஒன்று, டேங்கு பத்துப் பன்னிரண்டு. ஆகவே காலையில் கேன்டீனில் டீ குடிக்கும்போதே ஃபோர்மேன் தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்து மேசையில் போடுவான். ஒரு கையில் டீ, ஒரு கையில் பேனா. அன்றைக்கு எத்தனை டேங்கு திறக்கிறார்களோ அத்தனையிலும் காற்று நல்ல காற்றாகிவிடும். கையெழுத்துப் போடுகிறவன், டேங்கு வாசலில் காவல் நிற்கிற தங்கராஜு. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தமிழில் மட்டும் எழுத்து முத்து முத்தாய் இருக்கும்.

அன்று மூன்றாம் டேங்கில் துரு சுரண்டச் செல்லக்கண்ணு இறங்கினான். ஏணியில் பாதிக்கூடப் போகவில்லை, கை நழுவிவிட்டது. தூக்கி மேலே போட்டபோது முகம் நீலமாயிருந்தது.

விசாரணையில் ஃபோர்மேன், "மீட்டர் வைத்துப் பார்த்தது நான், கையெழுத்து மட்டும் இவன்" என்றான். அதிகாரி தங்கராஜுவைப் பார்த்தார். காலையிலிருந்து அந்த டேங்கு வாசலில் நின்றவன் அவன்தான். ஒருவரும் மீட்டரோடு வரவில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் சொன்னது இவ்வளவுதான்:

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க ஐயா. காட்டின இடத்துல கையெழுத்துப் போட்டேன்."

இங்கிலீஷ் தெரியாது என்பது நிஜம். ஆனால் அது என்ன தாள் என்று தெரியாமலா இரண்டு வருஷம் கையெழுத்துப் போட்டான்? அதை அவனிடம் யாரும் கேட்கவில்லை.

காற்று நல்ல காற்று என்றால் ஆள் எப்படிச் செத்தான்? "வரும்போதே தண்ணி போட்டிருந்தான்" என்று ஃபோர்மேன் ஒரு வார்த்தை விட்டான். அது ஒட்டிக்கொண்டது. செல்லக்கண்ணு பீர் நுரையைக்கூட நக்கிப் பார்க்காதவன். வருஷா வருஷம் பால்குடம் எடுக்கிறவன். அவன் பெண்டாட்டி பூவம்மா விசாரணை அறைக்கு வெளியே தங்கராஜுவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு குடிக்கமாட்டாருன்னு நீங்களாவது சொல்லுங்க தம்பி, உங்ககூடத்தானே தினம் சாப்பிட்டாரு" என்று கேட்டாள். தங்கராஜு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து அவள் குடிகாரன் பெண்டாட்டி. கொஞ்ச நாளில் செம்பவாங்கை விட்டு, தேக்கா பக்கம் ரேஸ்கோர்ஸ் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள் என்று கேள்வி.

தங்கராஜுவும் பட்டறையை விட்டான். லாரி லைசன்ஸ் எடுத்து, துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களின் குப்பையை அள்ளுகிற வேலைக்குப் போனான்.

கப்பல் குப்பை என்றால் சும்மா இல்லை. அமெரிக்கக் கப்பல் ஒன்று வந்து போனால் பாதி நல்ல சட்டை, திறக்காத டப்பா, கட்டுக் கட்டாய்ப் படப்புத்தகம் எல்லாம் மூட்டைக்குள் கிடக்கும். பறக்கிறவன், சுவரில் ஏறுகிறவன், முகமூடி போட்டவன் என்று கலர் கலராய்ச் சண்டைக் கதைகள். கோப்பித் தூளும் முட்டை ஓடும் அப்பிக்கிடக்கும். துடைத்து உலர்த்தி, டன்லப் ஸ்திரீட்டில் பழைய புத்தகக் கடை வைத்திருந்த காதர் மைதீனிடம் கொண்டுபோய்ப் போடுவான்.

1982-இல் ஒருநாள் அந்தக் கடையில், தரையில் குந்தி உட்கார்ந்து புத்தகக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்த நெட்டை மனிதர் நிமிர்ந்தார். ஆம்ப்ரோஸ். தங்கராஜு கொண்டுவந்த கட்டை இறக்காமல் வாசலிலேயே நின்றான். விசாரணைக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்க்கிறான்.

"டேய் ராஜு! குண்டாயிட்டடா" என்றார் அவர். பட்டறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"லாரியில உக்காந்தே பொழப்புண்ணே."

"இந்தக் குப்பையெல்லாம் நீ கொண்டாறதா?"

"குப்பைங்கிறீங்க, அதத்தானே கிளறிக்கிட்டிருக்கீங்க" என்றார் காதர் மைதீன் கல்லாவிலிருந்து.

பட்டறையைப் பற்றி ஆம்ப்ரோஸ் ஒன்றும் கேட்காமல் விட்டதே தங்கராஜுவுக்குப் பெரிய ஆறுதலாயிருந்தது. இந்த மனுஷனோடு பழகலாம் என்று நினைத்தான்.

ஆம்ப்ரோஸ் ஏன் கிளறினார் என்பது பிறகுதான் தெரிந்தது. செம்பவாங்கில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த நியூசிலாந்துப் பட்டாளத்துக்காரன் ஒருத்தன், ஊருக்குத் திரும்பும்போது ஒரு விதிப் புத்தகத்தையும் ஒரு பை பகடையையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். நாலு பக்கப் பகடை, எட்டுப் பக்கம், இருபது பக்கம் என்று கண்டபடிக்கு இருந்தன. ஒருத்தர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு ஆளாக அதற்குள் நடப்பார்கள். 'கதவை உடைக்கிறேன்' என்றால் பகடையை உருட்ட வேண்டும். உடைந்ததா, தோள்பட்டை நழுவிற்றா என்று அது சொல்லும். ஜெயிக்கிறது தோற்கிறது கிடையாது. போய்க்கொண்டே இருக்கும்.

அப்போது ஆம்ப்ரோஸுக்கு ஈசூனில் புது ஃப்ளாட் கிடைத்திருந்தது. ஞாயிறு பூசை முடிந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்குப் புளோக்கின் கீழே சுவரில்லாத வாய்ட் டெக்கில் கல்மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஆம்ப்ரோஸ், எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்த பிரிஜட், கடையை மச்சானிடம் விட்டுவிட்டு வருகிற காதர் மைதீன், தங்கராஜு. நாலு பேர். ஆம்ப்ரோஸ் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் நடத்துவார். குடியிருப்பாளர் குழுவிலிருந்து ஒருத்தர் வந்து, பகடையைப் பார்த்துச் சூதாட்டம் என்று நினைத்து, மேசைக்கு அடியில் குனிந்து காசு தேடினார். "உள்ள ஒரு குகை இருக்கு, அதுலயும் பாத்துட்டுப் போங்க சார்" என்றார் காதர் மைதீன்.

முதலில் நடந்தது கோட்டை, வாள், நெருப்புக் கக்குகிற மிருகம். ஒருத்தருக்கும் ஒட்டவில்லை.

"அண்ணே, இந்த ஊருல பனி பெய்யுதுங்கிறீங்க. பனியில என்னா செய்யணும்னே எனக்குத் தெரியலை. மழைன்னா தெரியும்" என்றான் தங்கராஜு.

அடுத்த வாரமே ஒரு கப்பல் மூட்டையில் அந்தப் புத்தகம் கிடைத்தது. அட்டை கிழிந்திருந்தது. கோட்டுப் போட்ட ஒருத்தன் மழையில் நிற்கிறான். முகமூடி உண்டு, பறக்கத் தெரியாது. பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை அடி வாங்குகிறான். போலீஸ் அவனை நம்பவில்லை, ஊரும் நம்பவில்லை, அவனே தன்னை நம்புகிறானா தெரியவில்லை. செத்துப்போன ஒருத்தனைக் கொன்றது யார் என்று தெரு தெருவாய்த் தேடுகிறான். படம் முழுக்கக் கறுப்பு மையை வாளியில் ஊற்றினமாதிரி இருந்தது.

ஆம்ப்ரோஸ் நின்ற இடத்திலேயே முழுசும் படித்தார். பிரிஜட் இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டாள்.

"இதுதான்லா" என்றார். "இந்தமாதிரி இன்னும் வேணும் ராஜு. எனக்கு ஊரு கிடைச்சிருச்சு. மழைநகரம்னு பேரு வைக்கப்போறேன்."

அன்றிலிருந்து தங்கராஜு வேட்டைக்குக் கிளம்பினான். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவன் எப்படிப் பொறுக்குவது? அவனாக ஒரு வழி கண்டுபிடித்தான். நடுப்பக்கத்தைத் திறந்து கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பான். கலர் அதிகமாய் இருந்தால் போடு. கறுப்பு அதிகமாய் இருந்தால் எடு. ஆள் சிரித்தால் போடு, முகத்தில் பாதி இருட்டில் இருந்தால் எடு. சுங்கை ரோடு திருட்டுச் சந்தையில் ஒரு சீனக் கிழவர் பழைய புத்தகத்தைப் பாயில் பரப்பி வைத்திருப்பார். அங்கே இவன் ஒவ்வொன்றாய்த் தூக்கி வெயிலில் பிடிப்பதைப் பார்த்து, கூட வந்த காதர் மைதீன் தலையில் அடித்துக்கொண்டார்.

"நீ புத்தகம் வாங்க வந்தியா, கரி வாங்க வந்தியா?"

"இத பாருங்க பாய், எப்படி அப்பியிருக்கான்."

"அல்லாவே, மை விக்கிற விலைக்கு அவன் நஷ்டப்பட்டிருப்பான்."

ஆனால் அவன் பொறுக்கியது ஒன்றுகூடத் தப்பாகவில்லை. ஆம்ப்ரோஸ் மேசையில் பரப்பி, படத்துக்குப் படம் விரல் வைத்துத் தமிழில் சொல்லுவார். தங்கராஜு வாய்ப்பாடு மாதிரி ஒரு ஒரு சொல்லாய்க் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுவான். லையர் என்றால் பொய்யன். கில்ட்டி என்றால் குற்றவாளி. விட்னெஸ் என்றால் சாட்சி. நாற்பது வயதில் அவன் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் அதுதான். லாரியில் போகும்போது அந்தச் சொற்களை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பான். பள்ளிக்கூடத்தில் வராத சந்தோஷம் அதில் வந்தது. பெண்டாட்டி பாக்கியலட்சுமி, "என்னாத்துக்கு இப்படி முணுமுணுக்குறீங்க, பேய் பிடிச்சிருக்கா" என்பாள்.

மழையில் நிற்கிற அந்தக் கோட்டுக்காரன் கதை மொத்தம் ஆறு புத்தகம். ஐந்து கிடைத்துவிட்டது. ஆறாவதில்தான் கொலைகாரன் யார் என்று தெரியும். தங்கராஜு அதற்காகப் பிராஸ்பாசா ரோட்டில் ஒவ்வொரு கடையாய் ஏறி இறங்கினான். கப்பலில் வேலை பார்க்கிற பிலிப்பினோக்காரனிடம் சொல்லி வைத்தான். கிடைக்கவில்லை.

"கிடைக்காட்டி விடு" என்றார் ஆம்ப்ரோஸ். "முடிவை நானே பண்ணிக்கிறேன்."

மழைநகரத்தில் ஆளுக்கு ஒரு முகமூடி. பிரிஜட், இருட்டில் கண்ணுக்குத் தெரியாத நிழலம்மா. காதர் மைதீன் எந்தப் பூட்டையும் திறக்கிற பூட்டுக்காரன். தங்கராஜு தனக்குக் கறுப்புக் கோட்டு என்று பெயர் வைத்தான்.

"என்னா சக்தி வேணும்?" என்று ஆம்ப்ரோஸ் கேட்டார்.

"எவனாச்சும் பொய் சொன்னா என் காது சுடணும்ணே."

ஆம்ப்ரோஸ் பென்சிலைக் கீழே வைத்தார். "சரி. ஆனா எல்லாச் சக்திக்கும் ஒரு விலை உண்டு. நீ பொய் சொன்னாலும் சுடும்."

"சுடட்டுமே" என்று சிரித்தான் தங்கராஜு.

1984 தொடக்கத்தில் கதை ஆரம்பித்தது. மழைநகரத்தின் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு வேலையாள் இறங்கிச் செத்துக் கிடக்கிறான். அவன் குடித்திருந்தான் என்கிறது ஊர். மூன்று முகமூடிகளும் பத்து ஞாயிற்றுக்கிழமை அதைத் தேடின. தொட்டிக்குள் வேலையாள் என்ற அன்றே தங்கராஜுவுக்குச் சுருக்கென்று ஒன்று குத்தியது. ஆனால் ஆம்ப்ரோஸின் முகத்தில் ஒன்றுமில்லை. கதை வேறு அவனை இழுத்துப் பிடித்துக்கொண்டது. கறுப்புக் கோட்டு கூரை மேல் ஓடினான், கால்வாயில் விழுந்தான், நாலு பேரைக் கண்டுபிடித்தான், மூன்று தரம் உதை வாங்கினான். எந்தப் பொய்க்கும் அவன் காது தப்பவில்லை. வாரம் முழுக்கக் குப்பை அள்ளுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஊரே பயந்தது. அதை விடுவானா?

பத்தாவது ஞாயிறு. பூட்டுக்காரன், செத்தவன் வேலை பார்த்த ஃபேக்டரியின் ஆபீஸில் ஒரு மேசை இழுப்பறையைத் திறந்தான். இருபது பக்கப் பகடை பதினெட்டைக் காட்டியது. "உள்ளே ஒரு வாக்குமூலம் இருக்கு" என்றார் ஆம்ப்ரோஸ். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசைமேல் நகர்த்தினார். "கறுப்புக் கோட்டு, நீ வாசி."

தமிழில்தான் எழுதியிருந்தது. தங்கராஜு சத்தமாய் ஆரம்பித்தான். "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க ஐயா. காட்டின இடத்துல..."

அங்கே நின்றுவிட்டான்.

"காட்டின இடத்துல என்னா?" என்றாள் பிரிஜட். தாளை எட்டிப் பார்த்து மீதியை அவளே படித்தாள். "கையெழுத்துப் போட்டேன். அடப்பாவி! இவன்தான்ணே. இவன் சும்மா நின்னதாலதான் அந்த ஆளு குடிகாரன்னு ஆயிட்டாரு. கூரையிலிருந்து தலைகீழாத் தொங்கவிடுங்கண்ணே இவன."

"இங்கிலீஷ் தெரியாதாம். கையெழுத்துப் போட மட்டும் தெரியுமாக்கும்" என்றார் காதர் மைதீன்.

அவர்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. அவர்களுக்கு அது கதை. ஆம்ப்ரோஸ் மட்டும் சிரிக்கவில்லை. தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கறுப்புக் கோட்டு, உன் காது சுடுதா?"

தங்கராஜு தாளை நாலாய் மடித்தான்.

"சுடுதா இல்லியா, சொல்லுங்கண்ணே" என்றாள் பிரிஜட்.

"சுடலை" என்றான் தங்கராஜு.

"அப்ப உருட்டு" என்று பகடையை நகர்த்தினார் ஆம்ப்ரோஸ். "உருட்டிப் பாத்துரலாம்."

தங்கராஜு பகடையை எடுத்தான். எடுத்து, புல்தரையைப் பார்த்து வீசி எறிந்தான். இன்னும் அது ஈசூன் மண்ணுக்குள் எங்கேயாவது கிடக்கும். "விளையாட்டுன்னு கூப்பிட்டு வச்சுக் கழுத்தறுக்குறீங்களா? எட்டு வருஷம் வாயத் தொறக்காதவரு இங்க வந்து பூசாரி வேலை பாக்குறீங்களா?" என்றான். ஆம்ப்ரோஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ராஜு, உக்காரு, இன்னும் முடியல" என்று மட்டும் காதில் விழுந்தது. லாரி கதவைச் சாத்திய வேகத்தில் கண்ணாடி இறங்கிவிட்டது.

அதோடு போக்குவரத்து அறுந்தது. காதர் மைதீன் நடுவில் பேசிப் பார்த்தார். "என்னாத்துக்குத்தான் சண்டை, சொல்லித் தொலையேன்" என்றார். என்ன சொல்லுவான்? சொல்ல முடிந்திருந்தால் 76-லேயே சொல்லியிருப்பான். டன்லப் ஸ்திரீட்டுக்குப் போவதையும் விட்டான். பூவம்மா இருக்கிற ரேஸ்கோர்ஸ் ரோட்டை முன்பே விட்டிருந்தான். தேக்காவில் மீன் வாங்கப் போனால்கூட சுற்றிக்கொண்டு போவான்.

கப்பல் குப்பையில் புத்தகம் வந்தால் மட்டும் கை தானாக நடுப்பக்கத்தைத் திறந்தது. 1987-இல் ஒரு மழை நாளில் அந்த ஆறாவது புத்தகம் வந்து சேர்ந்தது. முகமூடிக்காரன் மழையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற அட்டை. இப்போது அவனுக்குப் பாதிக்கு மேல் படிக்க வந்தது. லாரியை ஓரங்கட்டிப் படித்தான். படித்துவிட்டு, ஆம்ப்ரோஸுக்குக் கொடுக்கக் கூடாது என்றே பீரோவுக்கு மேல் போட்டு வைத்தான். கிழித்துப் போடவும் மனசு வரவில்லை.

1989-இல் பிரிஜட் வீடு தேடி வந்தாள். இரண்டு கிட்னியும் போய்விட்டது அண்ணனுக்கு. ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

"உங்களக் கேக்குறாருண்ணே. ஏதோ ஆறாவது புத்தகம் கிடைச்சுதான்னு கேக்கச் சொன்னாரு. பிதற்றலா என்னான்னு தெரியல."

பிதற்றல் இல்லை என்று அவனுக்குத் தெரியும். புது எம்ஆர்டி ரயிலில் போனான். வழியெல்லாம் அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனான். கட்டிலில் பார்த்தபோது பாதி மறந்துபோயிற்று. நெட்டை மனுஷன் கட்டிலுக்குள் அடங்கிக் கிடந்தார். தோல் மஞ்சளும் சாம்பலுமாய் இருந்தது.

புத்தகத்தை நெஞ்சின்மேல் வைத்தான். அவர் ஒவ்வொரு பக்கமாய்ப் புரட்டினார். கடைசியில் கோட்டுக்காரன் தப்பான ஆளைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறான். அது தப்பென்று கோட்டுக்காரனுக்கே தெரியும். மழை பெய்கிறது. அவ்வளவுதான் முடிவு.

"இவ்வளவுதானா?" என்றார் ஆம்ப்ரோஸ். "இதுக்கா அத்தனை கடை ஏறின?"

"உங்க முடிவு நல்லா இருந்துச்சாக்கும்" என்றான் தங்கராஜு.

"என் முடிவை நீ எங்க கேட்ட?" தலையணைக்கு அடியில் கையை விட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தை இழுத்தார். மழைநகரம் நோட்டு. "கடைசிப் பக்கம். அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு எழுதி வச்சது."

பென்சில் எழுத்து மங்கியிருந்தது. தங்கராஜு ஜன்னல் பக்கம் பிடித்துப் படித்தான். கறுப்புக் கோட்டு ஃபேக்டரியின் சாமான் அறைக்கு வருகிறான். அங்கே ஒருவன் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் சுவரில், ஆணியில் மீட்டர் தொங்குகிறது. தொழிலாளி செத்த அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை அது அந்த ஆணியை விட்டு இறங்கவில்லை. சாமான் அறைக்காரன் பார்த்தான். மீட்டர் வைத்துப் பார்த்தேன் என்று ஃபோர்மேன் சொன்னபோது, அவனும் விசாரணை அறையில்தான் உட்கார்ந்திருந்தான். அவனிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அவனாகச் சொல்லவில்லை.

தங்கராஜு இரண்டு தரம் படித்தான். முதல் தடவை, அந்தச் சாமான் அறைக்காரன் பட்டறை ஸ்டோரில் இருந்த ஆம்ப்ரோஸ்தான் என்று புரிந்தது. இரண்டாம் தடவை கோபத்துக்காகப் படித்தான்.

"அப்ப இதைத்தானே முதல்ல வாசிச்சிருக்கணும்?" என்றான். சத்தம் கூடிவிட்டது, நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "உங்க தாளை இடுப்புல சொருகி வச்சுக்கிட்டு என் தாளை மேசையில போட்டீங்க. நான் அஞ்சு வருஷமா நாயா அலைஞ்சேன்."

"நீ முதல்ல ஒத்துக்குவேன்னு பாத்தேன்" என்றார் ஆம்ப்ரோஸ். "உனக்குப் பின்னால நான் நின்னுக்கலாம்னு. எனக்கு எப்பவும் ஒரு ஆளு முன்னால நிக்கணும்டா ராஜு. நாடகத்துலகூட நான் கை மட்டும்தானே கழுவினேன்."

தங்கராஜுவுக்குத் திட்ட வாய் வரவில்லை. மன்னிக்கவும் வரவில்லை. நோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தபோது எழுந்தான். அப்போதுதான் அவர் அந்தக் கடைசி வேலையைச் சொன்னார். அவன் தலையை ஆட்டினானா என்பது அவனுக்கே நினைவில்லை.

நாலாம் நாள் செத்துப்போனார். கோயிலில் ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். நல்ல மனுஷன், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர் என்று பேசினார்கள். தங்கராஜுவுக்குக் காது சுட்டது. மழைநகரத்துச் சக்தி இத்தனை வருஷம் கழித்து வந்ததா, வெயிலா, தெரியவில்லை. காதர் மைதீன் பக்கத்தில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். இவனுக்கு ஒரு சொட்டு வரவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் பகல் சாப்பாட்டு நேரம் ஓய்ந்தபிறகு, லாரியை ரேஸ்கோர்ஸ் ரோட்டின் பின்சந்தில் நிறுத்தினான். பதின்மூன்று வருஷம் சுற்றிப் போன தெரு. சாப்பாட்டுக் கடையின் பின்வாசலில் அண்டாக்கள் சாய்த்து வைத்திருந்தன. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருத்தி குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். முடி முக்காலும் நரைத்திருந்தது. முதுகைப் பார்த்தே பூவம்மா என்று தெரிந்தது. உள்ளேயிருந்து ஒருத்தன், "குடிகாரன் பொண்டாட்டி, அந்தச் சட்டி ஆச்சா இல்லியா" என்று கத்தினான். கேலிதான், பழகிப்போன கேலி. அவள் நிமிரக்கூட இல்லை. பதின்மூன்று வருஷத்தில் அதுவே பேராகிவிட்டிருந்தது.

தங்கராஜு நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினான். தண்ணீரில் அவன் நிழல் விழுந்ததும் அவள் தலையைத் தூக்கினாள். அடையாளம் தெரியவில்லை.

"யாருங்க? கடை மூடியாச்சே. என்னா வேணும்?"

ஆஸ்பத்திரி மணி அடித்து ஓய்ந்தபோது ஆம்ப்ரோஸ் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்டது இதுதான்:

"பூவம்மாகிட்ட போடா. செல்லக்கண்ணு குடிக்கலன்னு சொல்லு. என் பேரை முதல்ல சொல்லு, அப்புறம் உன் பேரு. இங்கிலீஷ் தெரியாதுன்னு மட்டும் சொல்லாத."